செயற்கைக் கல்லீரல் – இயந்திரம் தரும் அவகாசம்

மனித உடலின் உறுப்புகளுள் இதயத்திற்குக் கிடைத்த புகழ் கல்லீரலுக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் மக்கள் மொழி அதனை மறந்துவிடவில்லை. அஞ்சத்தக்க செய்தியொன்று செவியில் விழுந்தால் 'ஈரக்குலையே நடுங்கிவிட்டது' என்கிறோம். உருது பேசுவோர் தம் உயிர்த்தோழனை 'ஜிகரி தோஸ்த்' என்பர். 'ஜிகர்' என்னும் சொல்லுக்கு ஈரல் என்பதே பொருள். அரபு மக்கள் தாம் பெற்ற பிள்ளைகளைத் தம் 'ஈரலின் துண்டு' என்று கூறிக் கொஞ்சுவதுண்டு. அச்சத்தையும் அன்பையும் நட்பையும் ஈரலில் வைத்துப் பேசிய முன்னோர் உடற்கூற்று நூல் கற்றவர் அல்லர். எனினும் அவ்வுறுப்பின் அருமையை அவர்கள் எவ்வாறோ உணர்ந்திருந்தனர் என்றே தோன்றுகிறது.

இத்தகைய ஈரல் திடீரெனச் செயலிழந்துவிடின் அதன் பணியை ஓர் இயந்திரம் ஏற்று நடத்த இயலுமா? சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு டயாலிசிஸ் இருப்பதுபோலக் கல்லீரல் பழுதுற்றோர்க்கும் ஒரு கருவி உண்டா? இவ்வினாவிற்கு 'உண்டு' என்று ஒரே சொல்லில் விடை கூறலாம். ஆனால் அவ்விடை பாதி உண்மையே. மீதிப் பாதியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மதுரையிலும் அதைச் சூழ்ந்த வயல்வெளி ஊர்களிலும் வாழும் நமக்கு இச்செய்தி வெறும் அறிவியல் செய்தியன்று. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

ஈரல் ஆற்றும் பணிகள்

வயிற்றின் வலப்புறம், விலா எலும்புகளுக்கு அடியில் அமைந்துள்ள கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. நிமிடத்திற்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் குருதி அதனூடே பாய்கிறது. அதில் முக்கால் பங்கு குடலிலிருந்து நேரே வருவது. நாம் உண்ட உணவின் சத்தும் அதனோடு கலந்த நஞ்சும் உடலெங்கும் பரவுமுன் ஈரலின் வாயிலில் நின்று சோதனைக்குட்பட்ட பின்னரே உள்ளே செல்கின்றன.

சோதிப்பது மட்டுமா அதன் வேலை? சர்க்கரையைச் சேமித்து வைத்து நோன்பு நேரத்தில் சிறிது சிறிதாக வெளிவிடுவது ஈரல். குருதியில் மிதக்கும் அல்புமின் என்னும் புரதத்தை நாள்தோறும் உருவாக்குவது ஈரல். காயம் பட்ட இடத்தில் குருதி உறைவதற்குரிய பொருள்களுள் பெரும்பாலானவற்றை ஆக்குவதும் அதுவே. புரதம் சிதையும்போது தோன்றும் அம்மோனியா மூளைக்குக் கொடிய நஞ்சு. அதனை யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்திடம் ஒப்படைப்பதும் ஈரலே. இவையன்றிப் பித்தநீர் சுரத்தல், மருந்துகளைச் சிதைத்தல் என நூற்றுக்கணக்கான வேதிவினைகள் அங்கே ஒரே காலத்தில் நிகழ்கின்றன. வேதியியல் துறை மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வினையை முடிக்கப் படும் பாட்டை எண்ணிப் பார்த்தால், இதன் பெருமை விளங்கும்.

இவற்றிற்கெல்லாம் மேலாக, வேறு எவ்வுள்ளுறுப்புக்கும் இல்லாத ஓர் ஆற்றல் ஈரலுக்கு உண்டு. வெட்டி எடுத்தாலும் அது மீண்டும் வளரும். மூன்றில் இரு பங்கை நீக்கினாலும், எஞ்சிய பங்கு நலமாக இருப்பின், சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் ஏறத்தாழப் பழைய அளவை எட்டிவிடும். உயிருள்ள ஒருவர் தம் ஈரலின் ஒரு பகுதியைப் பிறர்க்கு அளித்துத் தாமும் நலமாக வாழ முடிவது இதனாலேயே. இவ்வாற்றலை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். செயற்கைக் கல்லீரல் என்னும் கருத்து முழுவதும் இதன்மீதே நிற்கிறது.

பல ஆண்டுகளாக மதுவினாலோ மஞ்சள் காமாலைக் கிருமிகளாலோ ஈரல் சிறுகச் சிறுகச் சுருங்கித் தழும்பேறுவது ஒருவகை நோய். நேற்றுவரை நலமாக இருந்த ஈரல் சில நாள்களிலேயே அழிவது மற்றொரு வகை. பின்னதையே மருத்துவர் 'கடும் கல்லீரல் செயலிழப்பு' என்பர். கண்ணும் தோலும் மஞ்சளாகும், குருதி உறையாது, அம்மோனியா முதலிய நஞ்சுகள் மூளையைத் தாக்க, நோயாளி பிதற்றத் தொடங்கி, பின் உறங்கி, பின் நினைவிழப்பார். மூளை வீங்குதல், நோய்த்தொற்று, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியன ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும். ஆனால் அந்தச் சில நாள்களைக் கடத்திவிட்டால், அழியாமல் எஞ்சிய செல்கள் பெருகி ஈரல் மீண்டெழவும் கூடும். எனவே மருத்துவம் தேடுவது நிரந்தரமான மாற்று இயந்திரத்தை அன்று. சில நாள் அவகாசத்தை.

சிறுநீரகத்திற்கு முடிந்தது ஈரலுக்கு ஏன் முடியவில்லை?

இரண்டாம் உலகப் போரின்போது நெதர்லாந்து நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தது. அங்கே காம்பன் என்னும் சிற்றூரில் வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் 1943இல் செயற்கைச் சிறுநீரகத்தை இயக்கிக் காட்டினார். இறைச்சி அடைக்கப் பயன்படும் செலோஃபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி, உப்பு நீர்த் தொட்டியில் சுழலவிட்டு, குழாயின் வழியே நோயாளியின் குருதியைச் செலுத்தினார். நுண்துளைகள் வழியே யூரியா வெளியேறியது. முதலில் வந்த நோயாளிகள் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். 1945இல் மூதாட்டி ஒருவர் பிழைத்தார். இன்று மதுரையில் எத்தனை டயாலிசிஸ் இயந்திரங்கள் இரவு பகலாக ஓடுகின்றன என்பதை நாம் காண்கிறோம். அவையனைத்தும் அந்தச் செலோஃபேன் குழாயின் வழிவந்தவை.

இதே வடிகட்டியை ஈரல் நோயாளிக்கும் பொருத்தினால் என்ன? பொருத்திப் பார்த்தனர், பயன் குறைவாகவே இருந்தது. யூரியா நீரில் கரைவது. ஆதலால் துளை வழியே எளிதில் வெளியேறும். ஈரல் நீக்கவேண்டிய நஞ்சுகளுள் பல நீரில் கரையாதவை. அவை தனித்து உலவுவதில்லை. அல்புமின் மூலக்கூற்றின்மீது ஏறி அமர்ந்தே குருதியில் பயணம் செய்கின்றன. அல்புமினோ வடிகட்டியின் துளையில் நுழையாத அளவு பெரியது. துளையைப் பெரிதாக்கினால் நஞ்சோடு அல்புமினும் போய்விடும். வண்டி வெளியேறாதவரை அதில் அமர்ந்தவரும் வெளியேறார் அல்லவா?

இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் ரோஜர் வில்லியம்ஸ் என்னும் மருத்துவர் குழுவினர் 1970களில் வேறு வழி கண்டனர். நோயாளியின் குருதியைக் கரித்துகள் நிரம்பிய குப்பியினூடே செலுத்தினர். கரி நஞ்சை ஈர்த்துக்கொள்ளும் என்பது நம் கிராமத்துக் கிணற்று நீருக்குக் கரியிட்ட பாட்டிமாரும் அறிந்ததே. தொடக்கத்தில் பெருநம்பிக்கை பிறந்தது. ஆனால் 1988இல் அதே மருத்துவமனையினர் முறையான ஒப்பீட்டு ஆய்வு நடத்தி, கரிச்சிகிச்சை பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் பிழைப்பு விகிதத்தில் வேறுபாடில்லை எனத் தாமே வெளியிட்டனர். தாம் வளர்த்த முறையைத் தாமே சோதித்து அதன் தோல்வியை உலகிற்கு அறிவித்த அந்நேர்மை, ஆய்வு மாணவர் அனைவரும் கருத்தில் கொள்ளத்தக்கது.

அடுத்த முயற்சி ஜெர்மனியின் ராஸ்டாக் நகரில் நிகழ்ந்தது. யான் ஸ்டாங்கே, ஸ்டெஃபன் மிட்ஸ்னர் ஆகியோர் 1990களில் 'மார்ஸ்' என்னும் கருவியை உருவாக்கினர். அதன் தத்துவத்தை மதுரை வாசகர்க்கு மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தைக் கொண்டு விளக்கலாம். பேருந்து நிலையச் சுவரைக் கடக்க இயலாது. ஆனால் சுவரில் சிறு வாயில் உண்டு. சுவரின் அப்புறம் காலிப் பேருந்து ஒன்று நின்றால், நெரிசலில் சிக்கிய பயணிகள் இறங்கி வாயில் வழியே நுழைந்து அதில் ஏறிக்கொள்வர். அதுபோல மெல்லிய சவ்வின் ஒருபுறம் நோயாளியின் குருதி ஓடும். மறுபுறம் தூய அல்புமின் கரைசல் ஓடும். நஞ்சு இப்புற அல்புமினைவிட்டு அப்புற அல்புமினுக்கு மாறும். நஞ்சேற்ற அந்த அல்புமினைக் கரியினூடும் பிசினூடும் செலுத்தித் தூய்மை செய்து மீண்டும் சுவரருகே கொண்டுவந்து நிறுத்துவர். அழகிய தத்துவம் என்பதில் ஐயமில்லை.

அழகிய தத்துவம் உயிரைக் காத்ததா? பித்தம் குறைந்தது; மூளைக் கலக்கம் சிலர்க்குத் தெளிந்தது. ஆனால் 2013இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளும் மார்ஸ் கருவியால் இறப்பு குறைந்ததாக நிறுவவில்லை. அவற்றுள் ஒன்று பிரான்சு நாட்டில் கடும் கல்லீரல் செயலிழப்புற்ற 102 பேரிடம் நடத்தப்பட்டது. அங்கே பதிவு செய்தபின் மாற்று ஈரல் கிடைக்க நடுத்தரமாக ஒரு நாள்கூட ஆகவில்லை. கருவி தன் திறத்தைக் காட்டுமுன் அறுவை முடிந்துவிட்டது! நம் நாட்டு நோயாளிகளின் உறவினர் இதைப் படித்தால் பெருமூச்செறிவர்.

வடிகட்டுவது ஈரலின் பாதி வேலையே. ஆக்குவது மற்றப் பாதி. ஆக்கும் தொழிலை உயிருள்ள செல்லே செய்ய வல்லது என்று எண்ணியோர் 'உயிரியற் செயற்கைக் கல்லீரலை' நாடினர். அமெரிக்காவில் அகிலீஸ் டெமெட்ரியூ என்னும் அறுவை மருத்துவர் பன்றியின் ஈரல் செல்களைக் குப்பியில் அடைத்து, அதனூடே நோயாளியின் பிளாஸ்மாவைச் செலுத்தும் கருவியை அமைத்தார். 171 பேரிடம் நிகழ்ந்த அவ்வாய்வின் முடிவு 2004இல் வெளிவந்தது. கருவி பெற்றோருள் நூற்றுக்கு 71 பேரும், பெறாதோருள் 62 பேரும் முப்பது நாள் கடந்து வாழ்ந்தனர். அவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடும் என்பது புள்ளியியலார் தீர்ப்பு. பன்றியின் செல் என்றவுடன் நம் மூத்தோர் உள்ளத்தில் எழும் வினா நமக்குப் புரிகிறது. கருவி மருத்துவமனை வாயிலை எட்டாமலே நின்றுவிட்டமையால் அவ்வினாவும் அப்போது ஓய்ந்தது. மனிதச் செல்களைக் கொண்டு அமைத்த மற்றொரு கருவியும் 2015, 2018 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆய்வில் தோற்றது. 2024 தொடக்கத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார், மரபணு மாற்றிய பன்றியின் முழு ஈரலையே உடலுக்கு வெளியே வைத்து, மூளைச்சாவுற்ற ஒருவரின் குருதியை அதனூடே மூன்று நாள் செலுத்திப் பார்த்ததாக அறிவித்துள்ளனர். பழைய வினா புது வடிவில் மீண்டும் வரக்கூடும்.

மாற்று ஈரல் பொருத்துவதே இன்றளவும் உறுதியான தீர்வு. தாமஸ் ஸ்டார்சல் 1963இல் தொடங்கி, 1967இல் வெற்றி கண்ட அவ்வறுவை, 1998இல் இந்தியாவில் வெற்றி பெற்றது. இந்திய உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. இசுலாமியச் சட்ட அறிஞர் பேரவை 1988இல் ஜித்தாவில் கூடி உறுப்பு மாற்றத்தை ஆராய்ந்து, நிபந்தனைகளோடு இசைவு தெரிவித்தமை நம் மூத்தோர் பலர் அறிந்ததே. எனினும் சில நாள்களே வாழ்வு எஞ்சிய ஒருவர்க்குப் பொருந்தும் ஈரலும் அதற்குரிய பெரும்பொருளும் அதற்குள் கிடைப்பது எளிதன்று.

நம் வட்டாரத்து நஞ்சு

இங்கிலாந்தில் கடும் கல்லீரல் செயலிழப்பிற்கு முதற்காரணம் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் மாத்திரையை அளவுமீறி உட்கொள்வது. இந்தியாவில் பொதுவாக மஞ்சள் காமாலைக் கிருமிகள் முதலிடம் பெறும். தமிழ்நாட்டிலோ இவற்றோடு மற்றொன்று முன்னுக்கு வந்து நிற்கிறது: எலி பேஸ்ட்.

1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் பாயும் மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பகுதிகளில் நெல் விளையும் இடமெல்லாம் வரப்பெலியும் உண்டு. எலி வளையை வெட்டுவதும், கிட்டி வைப்பதும், புகை மூட்டுவதும் பழைய முறைகள். பின்னர்க் கடைகளில் எலி மருந்து வந்தது. அதில் பல வகை உண்டு. ஒன்று குருதி உறையாமல் செய்வது, அதற்கு வைட்டமின் கே என்னும் மாற்று மருந்து இருக்கிறது. பற்பசைபோலக் குழாயில் அடைத்து விற்கப்பட்ட பேஸ்ட்டில் இருந்ததோ மஞ்சள் பாஸ்பரஸ். இதனை முறிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. இது நேரே ஈரலைத் தாக்குகிறது.

இம்மஞ்சள் பாஸ்பரஸின் வரலாற்றை ஈண்டுக் கூறாமல் செல்ல மனம் வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தீக்குச்சி முனையில் இதனைப் பூசினர். தொழிற்சாலைகளில் பணியாற்றிய ஏழைப் பெண்களின் தாடை எலும்பு இதன் ஆவியால் அழுகியது. 1888இல் இலண்டன் தீப்பெட்டித் தொழிற்பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1906இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் இதனைத் தீக்குச்சியில் பயன்படுத்துவதை விலக்க உடன்பட்டன. இந்தியாவில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடை செய்தது. அதன் பின்னரே, 1920களில், நம் அண்டையிலுள்ள சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. இன்று நாம் உரசும் பெட்டியின் பக்கவாட்டில் இருப்பது நஞ்சற்ற சிவப்புப் பாஸ்பரஸ். தீப்பெட்டியிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு முன்பே துரத்தப்பட்ட அதே நஞ்சு, எலி மருந்தென்னும் பெயரில் மளிகைக் கடை வழியே வீட்டிற்குள் நுழைந்தது விந்தையினும் விந்தை.

இதனால் பாதிக்கப்படுவோருள் இளையோர் மிகுதி. தேர்வுத் தோல்வி, வீட்டுச் சண்டை, கடன், காதல் என ஏதோ ஒரு கணத்துச் சினத்தில் அல்லது சோர்வில் உட்கொண்டுவிட்டு, அடுத்த கணமே வாழ விரும்பியோர் பலர். பற்பசையென மயங்கிப் பல் துலக்கியோரும், எலிக்கு வைத்த உணவை எடுத்துத் தின்ற குழந்தைகளும் உண்டு.

இந்நஞ்சின் கொடுமை அதன் நடிப்பில் உள்ளது. முதல் நாள் வாந்தியும் வயிற்றெரிச்சலும் வரும். சிலர்க்கு அதுவும் வராது. அதன்பின் ஓரிரு நாள்கள் நோயாளி நலமாகவே காணப்படுவார். உண்பார், நடப்பார், வேலைக்கும் செல்வார். 'ஒன்றும் ஆகவில்லை' என்று குடும்பம் நிம்மதி கொள்ளும். மருத்துவமனையில் சேர்த்தவர்களும் 'நன்றாகத்தானே இருக்கிறான்' என்று வீட்டிற்கு அழைத்துச் செல்ல விரும்புவர். மூன்றாம் நாளையொட்டி ஈரல் சாயத் தொடங்கும். மஞ்சள் நிறம் கண்ட பின் 'காமாலை' எனக் கருதிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்க முற்படுவோரும் இருக்கலாம். நீர்வழிப் பரவும் காமாலை பெரும்பாலும் தானே தணிவது. பச்சிலை தின்றாலும் தணியும், தின்னாவிட்டாலும் தணியும். நஞ்சினால் வந்த காமாலை அவ்வாறு காத்திராது.

ஆகவே நலமாகத் தோன்றும் அவ்விரு நாள்களே மருத்துவர்க்கு மிக விலையுயர்ந்த நாள்கள். உட்கொண்டது அறிந்த அக்கணமே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மருந்தின் உறையையோ குழாயையோ உடன் எடுத்துச் செல்லவேண்டும். ஏனெனில் எந்த எலி மருந்து என்பதைப் பொறுத்தே சிகிச்சை அமையும். உப்புக் கரைசலும் புளிக் கரைசலும் புகட்டி வாந்தி எடுக்கச் செய்யும் ஊர் வழக்கம் கேடு விளைப்பது; அது மூச்சுக்குழலில் புகக்கூடும். பாலும் எண்ணெயும் கூடா. பாஸ்பரஸ் கொழுப்பில் கரைந்து விரைந்து உடலில் ஏறும். மருத்துவமனையில் குருதி உறையும் நேரத்தை நாள்தோறும் அளந்து பார்ப்பர். ஈரலின் நிலையை அதைவிட விரைந்து காட்டும் சோதனை வேறில்லை. அச்சோதனை முடியும்வரை, நோயாளி எவ்வளவு தெம்பாகத் தோன்றினாலும், வீடு திரும்புதல் கூடாது.

குடும்பங்கள் காலம் தாழ்த்துவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 'போலீஸ் கேஸ் ஆகிவிடும்; மகளின் திருமணம் தடைப்படும்' என்னும் அச்சத்தால் உண்மையை மறைத்து, 'உணவு ஒவ்வவில்லை' என்று மருத்துவரிடம் கூறுவர். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படவேண்டும், தண்டிக்கப்படலாகாது என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலை. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியற் சட்டத்தில், முயன்றவரைத் தண்டித்த பழைய 309ஆம் பிரிவே இடம்பெறவில்லை. மருத்துவரிடம் மறைக்கவேண்டிய தேவை யாதொன்றும் இல்லை. மனம் சோர்ந்தோர் எந்நேரமும் பேசுவதற்கு 14416, 104 ஆகிய அரசுத் தொலைபேசி எண்கள் உள்ளன.

இங்கிலாந்து அரசு 1998இல் ஒரு பொட்டலத்தில் விற்கும் பாராசிட்டமால் மாத்திரைகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. அதனால் நேரும் இறப்புகள் குறைந்தன. இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்த பின் தற்கொலை இறப்புகள் 1995இல் இருந்த அளவில் பாதிக்கும் கீழே இறங்கின. எந்தச் செயற்கைக் கல்லீரலும் காக்காத அளவு உயிர்களை இவ்விரு ஆணைகளும் காத்தன. தமிழ்நாட்டிலும் 3 விழுக்காடு மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட்டை விலக்க அரசு 2022-23இல் நடவடிக்கை மேற்கொண்டது. வீட்டுப் பரணிலோ கடையின் பின்னறையிலோ பழைய குழாய் எஞ்சியிருப்பின் அதனை அகற்றுவது குடும்பத் தலைவர்க்கும் கடைக்காரர்க்கும் உரிய பணி.

பிளாஸ்மா மாற்றம்

நஞ்சைத் தேடித்தேடி வடிகட்டுவதைவிட, நஞ்சு கலந்த நீர்மத்தையே நீக்கிவிட்டுப் புதியதை ஊற்றினால் என்ன? இவ்வெளிய எண்ணமே இன்று முன்னிற்பது. குருதியில் செல்கள் நீங்கிய வைக்கோல் நிறத் திரவம் பிளாஸ்மா. நஞ்சும், நஞ்சைச் சுமக்கும் அல்புமினும், வீக்கத்தைத் தூண்டும் பொருள்களும் அதிலேயே உள்ளன. நோயாளியின் குருதியை இயந்திரத்தில் செலுத்தி, செல்களை உடலுக்குத் திருப்பியளித்து, பழைய பிளாஸ்மாவை நீக்கி, கொடையாளிகள் ஈந்த புதிய பிளாஸ்மாவைச் சேர்ப்பர். இதில் ஒரு கூடுதல் நலமும் உண்டு. கொடையாளியின் பிளாஸ்மாவில் குருதி உறையும் பொருள்கள் உள்ளன. அவை ஈரல் ஆக்கத் தவறியவை. ஆக, நீக்குதல், அளித்தல் என்னும் இரு பணிகளும் ஒருங்கே நிகழ்கின்றன.

டென்மார்க்கைச் சேர்ந்த ஃபின் லார்சன் குழுவினர் கடும் கல்லீரல் செயலிழப்புற்ற 182 பேரிடம் இதனை ஆய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டனர். பெருமளவு பிளாஸ்மா மாற்றம் பெற்றோருள் நூற்றுக்கு 58.7 பேர் உயிரோடு மருத்துவமனையை விட்டுச் சென்றனர், பெறாதோருள் 47.8 பேர். கரிக்குப்பி முதல் பன்றிச் செல் வரை பார்த்த நாற்பதாண்டுத் தேடலில், முறையான ஒப்பீட்டில் உயிர்காத்தது என்று சொல்லத்தக்க முதல் முறை இதுவே.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதனை நம் நிலைக்கேற்ப மாற்றினர். எலி மருந்தால் ஈரல் பழுதுற்றோர்க்கு, ஒரு முறைக்கு உடலிலுள்ள பிளாஸ்மாவில் ஏறத்தாழப் பாதியை மட்டும் மாற்றி, சிறிதளவு ஸ்டிராய்டு மருந்தும் அளித்துப் பலரைப் பிழைக்கச் செய்ததை மருத்துவ இதழ்களில் வெளியிட்டுள்ளனர். ஈரல் கெடும்போது குருதியில் 'வான் வில்லிபிராண்டு காரணி' என்னும் ஒட்டும் புரதம் அளவுகடந்து பெருகி, ஈரலின் நுண்குழாய்களை அடைக்கிறது என்றும், பிளாஸ்மா மாற்றம் அதனைக் குறைக்கிறது என்றும் அவர்கள் விளக்கம் தருகின்றனர். இவை பெரும்பாலும் ஒரு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றோரின் குறிப்புகளை ஒப்பிட்டுக் கண்ட முடிவுகள். லார்சன் ஆய்வின் வலிமையை இவற்றிற்கு உடனே கொடுத்துவிட இயலாது. ஆயினும் மாற்று ஈரலுக்கு வழியற்ற ஏழைக் குடும்பத்திற்கு இது கைக்கெட்டும் வழி. இதற்குத் தேவையான இயந்திரம் அரியதன்று. பெரிய மருத்துவமனைகளின் குருதி வங்கியிலோ சிறுநீரகப் பிரிவிலோ இருப்பதுதான். முற்றிலும் நினைவிழந்து, மூளை வீங்கிய பின் வருவோர்க்கு இதுவும் கைகொடுப்பது அரிது என்பதையும் சொல்லவேண்டும். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ ஒரு மணி நேரத்தில் மதுரைக்கு வந்துவிடலாம். பலர் வர எடுத்துக்கொள்வது மூன்று நாள்.

இயந்திரம் இருப்பினும் பிளாஸ்மா வேண்டுமே! ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐம்பது கிலோ எடையுள்ள இளைஞர் உடலில் ஏறத்தாழ இரண்டு லிட்டர் பிளாஸ்மா இருக்கும். வேலூர் முறைப்படி ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் தேவை. ஒருவர் ஈயும் குருதியிலிருந்து பிரித்தெடுக்கும் பிளாஸ்மா சுமார் 200 மில்லிலிட்டர். எனவே ஒரு தடவைக்கு ஐவர் ஈந்த குருதி வேண்டும். மூன்று தடவை செய்ய நேரின் பதினைவர். லார்சன் முறையில் உடல் எடையில் ஏறத்தாழ 15 விழுக்காடு மாற்றுவர். அதே இளைஞர்க்கு நாளொன்றுக்கு ஏழரை லிட்டர், மூன்று நாளுக்கு இருபத்திரண்டரை லிட்டர். அதாவது நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈந்த குருதி ஒருவர்க்கே செல்லும். நம் மாநிலத்தில் சிறிய அளவை நாடியதற்கு இக்கணக்கும் ஒரு காரணமாகும் என்று கருதலாம்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நம் மாணவர் ஈயும் குருதி புட்டியில் அப்படியே கிடப்பதில்லை. குருதி வங்கியில் அதனைச் சுழற்றிச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா எனப் பிரிக்கின்றனர். சிவப்பணு ஆறு வாரத்திற்குள் பயன்படவேண்டும். பிளாஸ்மாவையோ சுழியத்திற்கு முப்பது பாகை கீழே உறையவைத்து ஓராண்டு வரை காக்கலாம். இதில் மாணவர் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. சிவப்பணுவைப் பொறுத்தவரை ஓ பிரிவினரே எவர்க்கும் வழங்கவல்லவர் என்பது பாடநூற்செய்தி. பிளாஸ்மாவில் இவ்வொழுங்கு தலைகீழாகும். ஏபி பிரிவினரின் பிளாஸ்மாவில் பிற பிரிவுகளை எதிர்க்கும் பொருள் இல்லை. அது எவர்க்கும் பொருந்தும். 'எங்கள் குருதி அதிகம் பேருக்கு உதவாது' என்று முகாமில் ஒதுங்கி நிற்கும் ஏபி பிரிவு மாணவர்களையே, ஈரல் பிரிவில் நோயாளி சேர்ந்த இரவில், குருதி வங்கியார் முதலில் தேடுவர்.